தவசிலிங்கம் அண்ணாச்சி வீட்டில் இருக்கிறார்

விருதுநகரில் 'கரிசல் ஒலி' நாளிதழுக்கும் அதே பெயரில் ஓடும் தொலைக்காட்சிக்கும் நிர்வாக இயக்குநராக இருந்த தவசிலிங்கம், ஆவணி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து, தெருக்கதவின் கொக்கியை நீக்கி, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, வலதுகாலை வாசற்படியில் வைத்து உள்ளே ஏறினார். ஏறி நின்ற இடம் அவருடைய ஆபீஸ் அறையாக இருந்தது. மேசை மேல் அவர் மூடி வைத்துவிட்டு வந்த பேனா மூடியபடியே கிடந்தது. அடுப்படி ஜன்னல் வழியாக அவர் வருவதைப் பார்த்துக் கருவாட்டுக் குழம்பை இறக்கி வைத்த அவருடைய மனைவி தங்கபுஷ்பம், வாசலில் செருப்பு மட்டும் கிடப்பதையும் ஆளைக் காணாததையும் கண்டு, சரி, யாரோ போன் பண்ணியிருப்பார்கள், வெறுங்காலோடு ஓடியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி ஓடுகிற மனிதர்தான் அவர். சற்று நேரத்தில் போன் வந்தது.

"புஷ்பம், நான் ஆபீஸ்ல இருக்கேன்."

"அது தெரிஞ்சதுதான. முப்பது வருசமா அங்கதான இருக்கீங்க. குழம்பு ஆறுது, வாங்க."

"வந்தேன் புஷ்பம். வாசப்படி ஏறுனேன். ஏறுனா இங்க நிக்கேன்."

மறுபடி வந்தார். இந்த முறை அவள் வாசலிலேயே நின்று பார்த்தாள். கார் நின்றது, மனிதர் இறங்கினார், வெறுங்காலோடு அவளை நோக்கி நடந்து வந்தார், அவள் நீட்டிய கையைத் தொடுவதற்கு ஒரு சாண் இருக்கும்போது இல்லாமல் போனார். பின்வாசல் வழியாக வந்து பார்த்தார், பக்கத்து வீட்டு மொட்டைமாடி ஏறிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பார்த்தார், கண்ணைக் கட்டிக்கொண்டு டிரைவர் கையைப் பிடித்து வந்து பார்த்தார். டிரைவர் மட்டும் அவர்கள் வீட்டு நடுக்கூடத்தில் வந்து நின்று திருதிருவென்று விழித்தார், அண்ணாச்சி ஆபீஸில் கண்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். குழம்பு ஆறிப்போனது. அவள் டிபன் கேரியரில் அடைத்து டிரைவரிடமே கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் இஸ்ரவேல் வந்தார். கரிசல் ஒலியின் விளம்பரப் பிரிவு முழுவதும் அவர் கையில்தான் இருந்தது. அண்ணாச்சியிடம் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளை மதினி என்று கூப்பிடுகிற மனிதர். அவர் தன் செல்போனை நீட்டி, "மதினி, இந்த ஏஐ நம்ம அண்ணாச்சியப் பத்தி என்ன சொல்லுதுன்னு பாருங்க" என்றார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள்.

"தவசிலிங்கம் தென் தமிழகத்தின் மதிப்புமிக்க ஊடக நிர்வாகி. அவர் உறங்குவதில்லை. அவர் கோபம் கொள்வதில்லை. கேட்டவர் எவருக்கும் இல்லை என்று சொல்வதில்லை. அலுவலகமே அவரது இல்லம். செய்தியே அவரது குடும்பம். மணமாகாதவர்."

"யாரு எழுதுனது இத?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

இஸ்ரவேல் தலையைச் சொறிந்தார். எழுதியது அவர்தான். வருடா வருடம் அண்ணாச்சியின் பிறந்தநாளுக்குக் கரிசல் ஒலி ஒரு மலர் வெளியிடும். எண்ணெய் மில்காரர்கள், பருப்பு வியாபாரிகள், ஜவுளிக்கடைக்காரர்கள், காலேஜ் நடத்துகிறவர்கள் எல்லாரும் அதில் வாழ்த்து விளம்பரம் கொடுப்பார்கள். என்ன போட வேண்டும் என்று கேட்டால், "நீங்களே நல்லதா நாலு வரி போட்டுக்கிடுங்க" என்பார்கள். இஸ்ரவேல் உட்கார்ந்து போடுவார். 'உறங்கா விழியே', 'சினமறியாச் செம்மலே', 'இல்லையெனச் சொல்லறியா வள்ளலே', 'அலுவலகமே இல்லமாய், செய்தியே சுற்றமாய் வாழும் துறவியே' என்று வருடத்துக்கு வருடம் ஒரு சுற்றுப் பெருத்துக்கொண்டே வந்த வரிகள் அவை. அச்சுக்குப் போகுமுன் அண்ணாச்சியும் ஒருமுறை பார்ப்பார், சிவப்புப் பேனாவால் திருத்துவார், திருத்தம் பெரும்பாலும் ஒரு சொல்லைச் சேர்ப்பதாகவே இருக்கும். ஊரில் யாரும் அந்த மலரை வாசித்ததில்லை. அதன் தாளில் வடை வைத்துத் தின்றார்கள். அதை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஒரு வரி விடாமல், நம்பிக்கையோடு வாசித்த ஒரே ஜீவன் இந்த ஏஐதான். வாசித்ததைச் சேர்த்து வைத்து யாரோ கேட்டபோது பதிலாகச் சொல்லிற்று, சொன்ன பதில் அண்ணாச்சியின் உடம்பில் வந்து குடியேறிவிட்டது.

தங்கபுஷ்பத்துக்கு ஒரு பழைய மத்தியானம் ஞாபகம் வந்தது. மலரின் அச்சுப்படியைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு பருப்பு வியாபாரி, பாவம், வெள்ளந்தியான மனிதர், 'துணைவியார் தங்கபுஷ்பம் அம்மாளுடன் நூறாண்டு வாழ்க' என்று தானே எழுதிக் கொடுத்திருந்தார். அண்ணாச்சி, "வீட்ட எதுக்கு இழுக்கான் இவன்" என்று முனகிக்கொண்டே அவள் பெயரை ஒரே கோடாக அடித்தார். அவள் பக்கத்தில் நின்று ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கோடு போட்டு முடித்த பிறகும் அவருடைய பேனா நுனி அவள் பெயர் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தது. அவள் இன்னொரு கரண்டி ஊற்றினாள். அந்தக் கோடு அவள் மனதில் அப்படியே கிடந்தது என்பது அவருக்குத் தெரியாது, அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது.

ஊர் முதல் வாரம் வாயைப் பிளந்தது, இரண்டாம் வாரம் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. அண்ணாச்சி தூங்குவதில்லை என்று உறுதியானதும், விடிகாலை ரயிலுக்குப் போகிறவர்கள் அலாரம் வைப்பதை விட்டுவிட்டு அவரிடம் சொல்லி வைத்தார்கள்; அவர் ஒவ்வொருவராகப் போன் போட்டு, "எந்திரிங்கப்பா, வண்டிக்கு நேரமாச்சு" என்று எழுப்பினார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளை எழுப்பினார், தண்ணீர் லாரி வருகிற நேரத்துக்குத் தெருவையே எழுப்பினார். ஊரில் யாருமே நேரம் தவறித் தூங்காத காலம் ஒன்று உண்டென்றால் அது அதுதான். கோபம் வராது என்று கேள்விப்பட்டு, மார்க்கெட் கணக்கப்பிள்ளை ஒருவர் வேண்டுமென்றே அவர் காலை மிதித்துப் பார்த்தார். "பரவாயில்ல, இன்னொரு காலும் இருக்கு" என்று சொல்லி அண்ணாச்சி புன்னகைத்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது, புன்னகை மட்டும் முகத்தை விட்டு இறங்கவே இல்லை.

இல்லை என்கிற சொல் அவர் வாயிலிருந்து போனதுதான் ஊருக்குப் பெரிய கொண்டாட்டமாகப் போயிற்று. ஆபீஸ் வாசலில் வரிசை நின்றது, வரிசையைப் பார்த்து ஒரு டீக்கடை வந்தது, டீக்கடையைப் பார்த்து ஒரு வடைக்கடை வந்தது. ஒருவர் தன் ஆட்டின் படத்தை முதல் பக்கத்தில் போடச் சொன்னார், மறுநாள் ஆடு முதல் பக்கத்தில் நின்றது. அக்காள் மகளுக்குச் செய்தி வாசிக்கிற வேலை கேட்டு ஒருவர் வந்தார், அவள் அன்று சாயங்காலமே 'ழ' வராமல் வாசித்தாள். அரிசி விலை குறைந்தது என்று செய்தி போட்டால் ஒருவேளை குறையும் என்று ஒரு கிழவி கேட்டாள், அதையும் போட்டார்கள். உதவி ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அண்ணாச்சியோ, "ஆகட்டும், ஆகட்டும்" என்று தொண்டை கட்டுகிற வரையில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மற்ற ஊர்களிலும் இப்படி நடப்பதாகச் செய்தி வந்தது. சென்னையில் ஒரு சேனல் முதலாளியை ஏஐ 'திரைமறைவில் இயங்குபவர்' என்று சொல்லிவிட, அந்த மனிதர் தன் வீட்டு ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வர முடியாமல், அடியில் தெரிகிற இரண்டு பாதங்களோடு நின்றபடியே நிர்வாகம் செய்துகொண்டிருந்தாராம். கோயம்புத்தூரில் ஒரு வார இதழ்க்காரரைச் 'சர்ச்சைகளுக்குப் பெயர் போனவர்' என்று சொன்னதிலிருந்து, அவர் எங்கே போய் உட்கார்ந்தாலும் பக்கத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொள்கிறார்களாம். ஒரு மளிகைக்கடைக்காரருக்கோ டாக்டருக்கோ இது வந்ததாகத் தகவல் இல்லை. அவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் நல்லதும் எழுதியிருந்தன, கெட்டதும் எழுதியிருந்தன. பத்திரிகை முதலாளிகளைப் பற்றி மட்டும்தான் அவரவர் பத்திரிகை ஒரே மாதிரி எழுதியிருந்தது. தறிக்காரருக்கு நெஞ்சுச் சளி வருகிற மாதிரி இது பேப்பர்க்காரர்களுக்கு வருகிற சீக்கு என்று விருதுநகர் முடிவுகட்டி, அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டது.

தங்கபுஷ்பத்துக்கு நடந்ததை யாரும் கவனிக்கவில்லை. முதலில் ஒரு வீட்டுத் தரகர் வந்து, "அண்ணாச்சி ஆபீஸ்லயே இருக்காராமே, வீடு சும்மாதான கெடக்கு, வாடகைக்கு விடுவாகளா?" என்று அவளிடமே கேட்டார். பிறகு பால்காரர் கணக்கை யார் பெயரில் எழுதுவது என்று தயங்கினார். மகள் ஷெர்லின், திருப்பூரிலிருந்து, தன் மாமியார் "உங்கப்பாவுக்குக் கல்யாணமே ஆகலைங்குதே, அப்ப நீ யாரும்மா?" என்று செல்போனைக் காட்டிச் சிரித்துக்கொண்டே கேட்டதாகவும், தானும் சிரித்ததாகவும், பிறகு குளியலறையில் போய் அழுததாகவும் சொன்னாள். கடைசியில் பக்கத்து வீட்டுச் சொர்ணம், முப்பது வருடமாக இவளிடம் இட்லிக் கொப்பரை இரவல் வாங்கிய சொர்ணம், சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, துளிக் கபடமில்லாமல், "ஏங்க, நீங்க அண்ணாச்சிக்கு என்ன முறை ஆகணும்?" என்று கேட்டாள்.

அவள் உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து கல்யாணப் படத்தை எடுத்துப் பார்த்தாள். படத்தில் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். ஆனால் படத்தை யார் கேட்கிறார்கள்? எல்லாரும் செல்போனைத்தானே கேட்கிறார்கள்.

அன்று அவள் ஆபீஸுக்குப் போனாள். வரிசையில் நிற்கச் சொன்னார்கள். ஆட்டுக்காரருக்குப் பின்னால் நின்றாள். முறை வந்து உள்ளே போனபோது, அவர் அவளைப் பார்த்து எழுந்து நின்ற வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. கண் இரண்டும் பழுத்துப்போயிருந்தன. முகத்தில் அந்தப் புன்னகை, மலரின் அட்டைப்படத்தில் இருக்குமே, அதே புன்னகை.

"உக்காரு புஷ்பம். சாப்புட்டியா?"

"நான் சாப்புட்டா என்ன, சாப்புடாட்டி என்ன. என்னயத்தான் அழிச்சாச்சே."

"இந்த மெஷினு..."

"மெஷினச் சொல்லாதீக. அது எழுதிக் குடுத்தத வாசிச்சுது. என் பேர செவப்பு மசியில அடிச்சது மெஷினா?"

அவள் விடவில்லை. ஷெர்லினுக்குத் தலைப்பிரசவம் நடந்தபோது ஆஸ்பத்திரிக்கு வராததிலிருந்து தொடங்கி, அவளுடைய அப்பா செத்த அன்று தேர்தல் முடிவு என்று பாதியில் எழுந்து போனது வரைக்கும் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டாள். ஆபீஸ் முழுக்கக் கேட்டது. இப்படிச் சண்டை போட்டால் அவர் குதிப்பார், தட்டைத் தள்ளுவார், "வாய மூடு" என்பார், அவள் மூடமாட்டாள், சாயங்காலம் அவரே வந்து முறுக்கு இருக்கிறதா என்று கேட்பார். அவர்கள் இருவரும் குடும்பம் நடத்திய விதம் அது. இன்றைக்கு அவர் புன்னகைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஒரு தடவ கோவப்படுங்களேன்" என்றாள்.

"முடியல புஷ்பம். உள்ள வருது. மேல வரமாட்டேங்குது." புன்னகையின் இரண்டு பக்கத்திலும் கண்ணீர் வழிந்தது. "என்னய எப்படியாச்சும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு. கொஞ்ச நேரம் தூங்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

முப்பது வருடத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் உதவி அது. அவளுக்கு அவர் மேல் இருந்த கோபம் முழுவதும் அந்த நேரத்தில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எப்படியும் இந்த மனிதரை வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைக்காமல் ஓய்வதில்லை என்று முடிவு செய்தாள்.

முதலில் கல்யாண நாள் விளம்பரம் கொடுத்துப் பார்த்தார்கள். முழுப்பக்கம், வண்ணத்தில், 'தவசிலிங்கம் – தங்கபுஷ்பம் இல்லறம் வாழ்க'. மறுநாள் ஊரே செல்போனைக் கேட்டது. "சமீபத்திய விளம்பரம் ஒன்று அவருக்கு மனைவி இருப்பதாகக் கூறுகிறது. எனினும் பெரும்பாலான ஆதாரங்களின்படி அவர் மணமாகாதவர்" என்று அது பணிவாகச் சொல்லிற்று. அன்று வீட்டு வாசற்படி ஏறிய அண்ணாச்சி தன் அறைக்குப் பதிலாக விளம்பரப் பிரிவில் போய் நின்றார். அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு மலரில் வந்தவை பொய் என்று செய்தி போடச் சொன்னார். செய்தி ஆசிரியர் வந்து, "சார், ஏஐயில சரிபார்த்தோம், அப்படி எதுவும் பொய்யா இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வழி கோதண்டம் செத்தபோதுதான் கிடைத்தது. கோதண்டம் பஞ்சு மில் முதலாளி. உயிரோடு இருந்தவரை ஏஐ அவரைப் பற்றி மில், வங்கி வழக்கு, மில்லைப் பூட்டியது என்றே சொல்லும். செத்த மறுநாள் கரிசல் ஒலியில் கால் பக்கத்துக்கு இரங்கல் விளம்பரம் வந்தது. அன்று தங்கபுஷ்பம் ஏதோ தோன்றிச் செல்போனைக் கேட்டாள். பழைய பதில் அடியோடு போய்விட்டிருந்தது. அன்பான தந்தை, அருமையான தாத்தா என்று புதிதாக ஒரு பதில் வந்தது. அவருக்கு இருந்த இரண்டு மனைவிகளின் பெயரும், ஊரே வாயைப் பொத்திப் பேசுகிற அந்த இரண்டாவது பெயர் உட்பட, வரிசையாக இருந்தன.

அது ஏன் என்று இஸ்ரவேலிடம் கேட்டாள். "இரங்கல் விளம்பரத்துல நாங்க கை வைக்கிறதே கெடையாது மதினி" என்றார் அவர். "முன்னால ஒருக்கா ஒரு மருமகன் பேரு விட்டுப்போச்சுன்னு ஆபீஸ் கண்ணாடிய ஒடச்சிட்டாங்க. அதுலருந்து குடும்பத்துல என்ன எழுதிக் குடுக்காங்களோ அதுதான். மேல ஒரு வரி மட்டும் நாங்க போடுவோம். செத்தவங்க விசயத்துல யாரு பொய் சொல்லப் போறான்னு ஏஐயும் நம்பிரும்போல."

அவள் நேரே மாடிக்கு, அவர் அறைக்குப் போனாள். ஒரு வெள்ளைத்தாளை மேசையில் வைத்தாள். கோதண்டத்தின் விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்தாள். அவர் இரண்டையும் பார்த்தார், அவளைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் சாவுச் செய்தியைப் பார்த்தவர், அவருக்கு விளங்க வைக்க வேண்டியிருக்கவில்லை.

"நான் கேக்க மாட்டேன்" என்றாள். "நான் கேட்டா நீங்க சரின்னுதான் சொல்லுவீக. ஆட்டுக்காரன் கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவீக. அந்தச் சரி எனக்கு வேணாம். நான் கீழ போய் இருக்கேன். உங்களுக்கா தோணுனா எழுதுங்க, இல்லாட்டி விடுங்க."

அவள் கீழே விளம்பரப் பிரிவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். மாலை வந்தது, வரிசை கலைந்தது, டீக்கடைக்காரர் பாய்லரைக் கழுவிக் கவிழ்த்தார். ஊர் முன்னால் செத்துப்போவது பத்திரிகைக்காரருக்குச் சின்ன விஷயமா? நாளையிலிருந்து அவர் சொல்லுக்கு ஒரு பியூன்கூட எழுந்து நிற்க மாட்டான். எழுத மாட்டார், எழுத மாட்டார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே அவள் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவரே இறங்கி வந்தார், கையில் தாளோடு. சிவப்பு மசியில் எழுதியிருந்தார். காலமானார் என்பதற்குக் கீழே, வேறு எதற்கும் முன்னால், பெரிதாக, 'மனைவி தங்கபுஷ்பம்' என்று இருந்தது. அதன் கீழ் மகள் ஷெர்லின், மருமகன், பேத்தி. கடைசியில், 'அன்னார் அவரது இல்லத்தில் இருக்கிறார்'. நல்லடக்கம் எப்போது, எங்கே என்று வழக்கமாக வருகிற வரியை எழுதாமல் விட்டிருந்தார். அதை எழுதினால் என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியும்.

இஸ்ரவேல் தாளை வாங்கி வாசித்தார்.

"ஒரு சொல்லையும் மாத்தாதீக தம்பி" என்றாள் தங்கபுஷ்பம்.

"மாத்த மாட்டேன் மதினி. மேல அந்த ஒரு வரி மட்டும் வேணும், அது இல்லாமப் பக்கம் கட்ட மாட்டாங்க. என்ன போடட்டும்?"

அவள் கணவரின் பழுத்த கண்களைப் பார்த்தாள். "தூங்கட்டும்னு போடுங்க. மனுசன் தூங்கி எத்தன மாசமாச்சு."

இஸ்ரவேல் தலையாட்டினார். அவருக்கும் அதுதான் ஆசை.

காலையில் பேப்பர் வந்தது. தங்கபுஷ்பம் வாசலில் நின்றபடியே பிரித்து, தன் பெயரைத் தேடிப் பிடித்து, அச்சில் அது எப்படி இருக்கிறது என்று பார்த்தாள். விரலால் தொட்டாள். மறுபடி பார்த்தாள். முப்பது வருடமாக அந்தப் பேப்பர் அந்த வீட்டுக்கு வருகிறது, அவள் பெயர் அதில் வந்தது அன்றுதான். வேறு எதையும் அவள் வாசிக்கவில்லை. அதற்குள் தெருவில் பந்தல்காரர் வந்துவிட்டார், பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிவிட்டன, சொர்ணம் தலைவிரிகோலமாக ஓடி வந்து, "எக்கா, அண்ணாச்சி போயிட்டாராமே, இனி நீங்க என்ன செய்வீக" என்று கட்டிக்கொண்டு அழுதாள். முறை தெரிந்துவிட்டது அவளுக்கு. பூவை எடு, பொட்டை எடு என்று இரண்டு பேர் நெருங்கியபோது தங்கபுஷ்பம் அவர்களை விலக்கிவிட்டு, இன்னும் ஒரு முழம் மல்லிகை வாங்கி வரச் சொல்லி, அடுப்பைப் பற்ற வைத்தாள். சாவு வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசனை தெருமுனை வரைக்கும் போயிற்று. துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது.

மாலைகளோடு கூட்டம் நின்றுகொண்டிருந்தபோது அண்ணாச்சி நடந்தே வந்தார். யாரும் அலறவில்லை. ஆட்டுக்காரர் அவர் கையைப் பிடித்து, "பெரிய மனுசன் அண்ணாச்சி, கேட்டா இல்லைங்க மாட்டாரு" என்று அவரிடமே துக்கம் விசாரித்தார். அண்ணாச்சி, "ஆமா, நல்ல மனுசன்" என்றார். கூட்டம் வழிவிட்டது. வாசற்படியில் நின்று ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டு, வலதுகாலை வைத்து ஏறினார். நடுக்கூடம். மின்விசிறி. பீரோவின் மேல் பேத்தியின் பழைய பொம்மை. அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்த அவருடைய மனைவி.

அவர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாவது கவளத்தில் நிமிர்ந்து, "என்ன எழவு, இவ்வளவு உப்பா?" என்று கத்தினார். தங்கபுஷ்பத்துக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "முப்பது வருசமா இதே உப்புதான், தின்னுங்க" என்று பதிலுக்குக் கத்தினாள். இன்னும் ஒரு கரண்டி சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் கையால் தட்டை மறைத்துக்கொண்டு, "இல்ல. போதும்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. "இல்ல" என்றார் மறுபடி. "இல்ல, இல்ல, இல்ல." ருசி பார்ப்பது போலச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இந்தச் சிரிப்பு அட்டைப்படத்தில் இல்லாத சிரிப்பு, ஒரு பல் கோணலாகத் தெரிகிற சிரிப்பு, அவளுக்கு மட்டும் தெரிந்தது.

கை கழுவிவிட்டுக் கூடத்துப் பாயில் படுத்தார். "கொஞ்ச நேரம் புஷ்பம். நாலு மணிக்கு எழுப்பிரு, நாம ரெண்டு பேருமா ஷெர்லினுக்குப் போன் போடணும்" என்றார். அவர் சொல்லி முடிக்குமுன்பே குறட்டை வந்துவிட்டது. அவள் அவர் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே மாலை போட வந்தவர்கள் படத்துக்குப் போட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நாலு மணிக்கு எழுப்பினாள். அசந்து தூங்குகிறார் என்று விட்டாள். கொஞ்சம் கழித்துத் தோளைத் தொட்டு எழுப்பினாள், நெற்றியில் தண்ணீர் தொட்டு வைத்தாள், காதருகே குனிந்து, "எந்திரிங்க, வண்டிக்கு நேரமாச்சு" என்று அவர் ஊரை எழுப்புகிற மாதிரியே சொல்லிப் பார்த்தாள். மூச்சு சீராக வந்தது, உடம்பு சூடாக இருந்தது, முகம் குழந்தை முகமாகத் தெளிந்து கிடந்தது. இமை அசையவில்லை. எட்டிக் கையை நீட்டி, காலையில் மடித்து வைத்த பேப்பரை எடுத்தாள். தன் பெயருக்கு மேலே, அவருடைய பெயருக்கும் மேலே, கறுப்புக் கட்டத்துக்குள், கரிசல் ஒலி செத்தவர்களுக்குப் போடுகிற வரிகளில் ஒன்று இருந்தது.

'மீளாத் துயில் கொண்டார்.'

அவள் நெடுநேரம் அந்த வரியைப் பார்த்தாள். தூங்கட்டும் என்றுதானே சொன்னேன் என்று நினைத்தாள். இஸ்ரவேலுக்குத் தூக்கம் என்று எழுத அந்த ஒரு வழிதான் தெரியும், பாவம். இனி எந்தப் பேப்பரில் எதைப் போட்டு இதை மாற்றுவது? செத்தவரைப் பற்றி மறுநாள் யார் எழுதினாலும் ஏஐ எதை நம்பும்? மடியில் இருந்த தலை கனத்தது. கால் மரத்துப் போயிருந்தது, ஆனால் அவள் அசையவில்லை.

தெருக்கதவு தட்டப்பட்டது. திறந்திருந்த கதவுக்கு வெளியே, படியில் ஏறாமல், இஸ்ரவேல் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு மாலை. எதற்குக் கொண்டு வந்தோம் என்று தெரியாத மாதிரி அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே எட்டிப் பார்க்கக் கூச்சப்பட்டு, தாழ்ந்த குரலில், "அண்ணாச்சி இருக்காகளா மதினி?" என்று கேட்டார்.

முப்பது வருடமாக அந்த வாசலில் யார் வந்து கேட்டாலும், போனில் யார் கேட்டாலும், அவர் வீட்டில் இல்லை, ஆபீஸில் இருக்கிறார் என்றுதான் அவள் சொல்லி வந்திருக்கிறாள். வாய் வழக்கத்தில் அதையே சொல்லப் போனது. அவள் நிறுத்திக்கொண்டு, மடியில் கிடந்த தலையில் முடியை ஒதுக்கிவிட்டாள்.

"வீட்டுலதான் இருக்காரு தம்பி" என்றாள். "தூங்குறாரு. சத்தம் போடாமப் போங்க."